நர்சிங் மாணவிகளுக்கு மன உறுதியைச் சொல்லித்தர முடியுமா? நைட்டிங்கேல் வாழ்க்கை தரும் பதில்

நர்சிங் கல்லூரிகளில் முதலாண்டு மாணவிகளுக்கு விளக்கேற்று விழா நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று, கையில் விளக்கோடு நைட்டிங்கேல் உறுதிமொழி எடுப்பார்கள். ஆனா, அந்த உறுதிமொழியை எழுதியது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இல்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த ஒரு நர்சிங் பள்ளியில் எழுதப்பட்டது அது.

கையில் விளக்கோடு அவர் நிற்கும் படமும் அப்படித்தான். அது அவருடைய வாழ்க்கையில் ஒரு சின்னப் பகுதி. போர்க்கள மருத்துவமனையில் அவர் இருந்தது சுமார் 21 மாதங்கள். அங்கிருந்து திரும்பிய பிறகு 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதி படுக்கையில்.

அந்த 54 ஆண்டுகளில் அவர் திரும்பத் திரும்ப யோசித்த கேள்வி ஒன்று உண்டு. நாள் முழுக்க நோயையும் மரணத்தையும் பார்க்கிற வேலைக்கு 25 வயதுப் பெண் வருகிறாள். உடம்பும் மனசும் ஒடிந்துபோகாமல் அவள் அதில் எப்படி நிலைத்து நிற்பது?

இன்று இதை ரெசிலியன்ஸ், அதாவது மீண்டெழும் திறன் என்று பெயர் வைத்துப் பாடமாகவே நடத்துகிறார்கள். அந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்கு ரொம்ப முன்பே நைட்டிங்கேல் இதற்காக என்ன செய்தார், எங்கே ஜெயித்தார், எங்கே சறுக்கினார்? பார்ப்போம்.

யார் இந்த நைட்டிங்கேல்?

1820 மே 12-ம் தேதி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் வைத்துவிட்டார்கள். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். டெர்பிஷைரில் ஒரு வீடு, ஹாம்ப்ஷைரில் இன்னொரு வீடு. அப்பா வில்லியம், மகள்கள் இருவருக்கும் கணிதம், வரலாறு, கிரேக்கம், லத்தீன் என்று தானே பாடம் சொல்லிக்கொடுத்தார்.

படிக்கவைத்த குடும்பம்தான். ஆனா, மகள் நர்ஸ் ஆகணும்னு சொன்னதும் வீடே அதிர்ந்துபோனது. 1845-ல், பக்கத்தில் இருந்த சாலிஸ்பரி மருத்துவமனையில் சில மாதங்கள் பயிற்சி எடுக்கிறேன் என்று கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை.

அவர்கள் பயத்துக்கும் காரணம் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனை நர்ஸ் என்றால் வேறு பிழைப்பு கிடைக்காதவர், குடிப்பவர் என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. முறையான பயிற்சி கிடையாது, மரியாதையான தங்குமிடம் கிடையாது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் படைத்த, எப்போதும் போதையில் இருக்கும் சேரி கேம்ப் என்ற நர்ஸ் கதாபாத்திரத்தைப் படித்து ஊரே சிரித்த காலம் அது.

நைட்டிங்கேல் காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை. மருத்துவமனை அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்தார். பல ஆண்டுகள் பழகிய ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் திருமணம் செய்துகொள்ளக் கேட்டபோது, 1849-ல் மறுத்துவிட்டார். நினைத்த வேலைக்குப் போக முடியாத அந்த ஆண்டுகளில் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். பிற்காலத்தில் மன உறுதியின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட பெண், அந்த உறுதியோடு பிறக்கவில்லை.

ஜெர்மனியில் கிடைத்த மூன்று மாதம்

திருப்பம் ஜெர்மனியில் வந்தது. ரைன் நதிக்கரையில், டுசெல்டார்ஃப் நகருக்கு அருகே கைசர்ஸ்வெர்த் என்று ஓர் ஊர். தியோடர் ஃபிளீட்னர் என்ற பாதிரியார் 1836-ல் அங்கே ஒரு மருத்துவமனையையும், பெண்களுக்கான சேவைப் பயிற்சி மையத்தையும் தொடங்கியிருந்தார். 1850-ல் நைட்டிங்கேல் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு மூன்று மாதங்கள் தங்கிப் பயிற்சி எடுத்தார்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் முறையைவிட அவரைக் கவர்ந்தது இன்னொன்று. அங்கே பெண்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே ஒழுங்கில் வாழ்ந்து, ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். எளிய சாப்பாடு, கடுமையான வேலை. ஆனா யாரும் தனியாக விடப்படவில்லை. மருத்துவமனைச் சுகாதாரத்தில் அங்கே குறைகள் இருப்பதையும் அவர் கவனித்தார். கூடிவாழும் அந்த அமைப்பை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார்.

1853 ஆகஸ்டில் லண்டனில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளர் ஆனார். அப்போது வயது 33. செலவுக்கு அப்பா ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்தார்.

ஸ்குடாரியில் என்ன நடந்தது?

அடுத்த ஆண்டு கிரிமியப் போர். ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி படைகள் நின்றன. காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்கள் கருங்கடல் தாண்டி, இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான ஸ்குடாரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே மருத்துவமனையாக மாற்றப்பட்ட ராணுவக் குடியிருப்பின் அவல நிலை பத்திரிகைகளில் வெளிவந்தது. போர்த்துறைச் செயலாளர் சிட்னி ஹெர்பர்ட், தனக்கு நன்கு தெரிந்த நைட்டிங்கேலை அழைத்தார்.

1854 அக்டோபர் 21-ம் தேதி, 38 பெண்களோடு லண்டனிலிருந்து கிளம்பினார். 14 பேர் மருத்துவமனை நர்ஸ்கள், மற்றவர்கள் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளைச் சேர்ந்த சகோதரிகள். சில நாட்களில் திரட்டிய குழு. சேர்ந்து வேலை பார்த்த அனுபவம் யாருக்கும் கிடையாது.

நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது ராணுவ மருத்துவர்கள் வரவேற்கவில்லை. பெண்கள் வார்டுக்குள் வருவதையே அவர்கள் விரும்பவில்லை. நைட்டிங்கேல் எடுத்த முடிவு, வந்திருந்த நர்ஸ்களுக்கே எரிச்சலைக் கிளப்பியது. மருத்துவர்கள் கூப்பிடும்வரை யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கண்முன் மனிதர்கள் துடிக்க, இவர்கள் துணி தைத்துக்கொண்டும் பொருட்களை அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். இங்கர்மன் சண்டையில் காயமடைந்தவர்கள் வெள்ளம்போல் வந்து இறங்கியதும் நிலைமை மாறியது. மருத்துவர்களே உதவி கேட்டார்கள்.

அந்தக் குளிர்காலம் பயங்கரமானது. அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய்கள், எலிகள், காற்றே வராத கூடங்கள். துப்பாக்கிக் குண்டைவிடக் காலராவும் வயிற்றுக்கடுப்பும் டைபஸ் காய்ச்சலும்தான் அதிகம் பேரைக் கொன்றன. 1855 பிப்ரவரியில் மருத்துவமனை இறப்பு விகிதம் 42 சதவீதத்தைத் தொட்டது. மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்து கழிவுநீர்ப் பாதைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சரி செய்தது. ஜூன் மாதத்தில் அது 2 சதவீதமாகக் குறைந்தது.

கூட வந்த பெண்கள் என்ன ஆனார்கள்? இந்தப் பகுதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. சிலர் குடிப்பழக்கத்தால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் உடல்நலம் கெட்டுத் திரும்பினார்கள். சிலர் நோய் தொற்றி அங்கேயே இறந்தார்கள். இந்தக் குழுவுக்குள் சண்டைகளும் ஓயவில்லை.

நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது என்பதை நைட்டிங்கேல் அங்கே நேரில் பார்த்தார். இப்படி ஒரு இடத்துக்கு ஆளை அனுப்பும் முன்பே தயார்படுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். ஓவியங்களில் விளக்கோடு தனியாக நடக்கும் நைட்டிங்கேல், நிஜத்தில் தனியாக இல்லை. செலினா, சார்லஸ் பிரேஸ்பிரிட்ஜ் என்ற நண்பர் தம்பதி கூடவே போனார்கள். பிறகு உறவினரான மேய் அத்தை வந்து தங்கினார். தாங்கிப்பிடிக்க ஆள் இருந்ததால்தான் அவரால் நிற்க முடிந்தது.

திரும்பி வந்தவர் உடைந்துபோனார்

1855 மே மாதம், போர்முனைக்கு அருகிலிருந்த பலக்லாவாவுக்குப் போனபோது கடும் காய்ச்சலில் விழுந்து, சாவின் விளிம்புவரை போய் வந்தார். அது புருசெல்லோசிஸ் என்ற தொற்றாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவ ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விட்டுவிட்டு வந்து, ஆண்டுக்கணக்கில் வலியும் சோர்வும் தரும் நோய் அது.

1856 ஆகஸ்டில், வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்து ஊர் திரும்பினார். ஓய்வெடுக்கவில்லை. ராணுவச் சுகாதாரம் குறித்த அரசு ஆணையத்துக்காக ராப்பகலாக வேலை செய்தார். வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரின் துணையோடு, வீரர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை வண்ண வட்ட வரைபடமாக்கிக் காட்டினார்.

1857 ஆகஸ்டில் உடம்பு மொத்தமாக மக்கர் செய்தது. வயது 37. அதன் பிறகு பல ஆண்டுகள் படுக்கையறையே அவருடைய அலுவலகம். ஸ்குடாரியில் நடந்த சாவுகளில் பெரும்பாலானவை சுகாதாரக் கேட்டால் வந்தவை, தடுத்திருக்கக் கூடியவை என்று தன் சொந்தக் கணக்கே காட்டியதுதான் அவரை உடைத்தது என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு. இதை ஏற்காதவர்களும் உண்டு.

ஆனா, படுத்தபடியே அவர் கண்டுபிடித்த வேலைமுறை கவனிக்க வேண்டியது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும், முன்கூட்டியே நேரம் குறித்துச் சந்தித்தார். மற்றதெல்லாம் கடிதம் வழியாக. இருக்கிற சக்தி கொஞ்சம்தான், அதை எதற்குச் செலவிடணும்னு தானே முடிவு செய்தார். இன்றைய ரெசிலியன்ஸ் வகுப்புகளில் எல்லை வகுத்துக்கொள்வது என்று சொல்லித்தருவது கிட்டத்தட்ட இதைத்தான்.

1860: பள்ளி தொடங்கியது

போர் நடக்கும்போதே அவர் பெயரில் மக்கள் நிதி திரட்டத் தொடங்கியிருந்தார்கள். சேர்ந்தது சுமார் 44,000 பவுண்டு. படைவீரர்களும் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் 1860-ல், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தலைமைச் செவிலியர் சாரா வார்ட்ரோப்பர் அதை நடத்தினார்.

பயிற்சி ஓர் ஆண்டு. வயது வரம்பு 25 முதல் 35. நன்னடத்தைச் சான்று அவசியம். பள்ளி தந்தவை என்ன தெரியுமா? தங்குமிடம், சாப்பாடு, சீருடை, துணி துவைக்கும் செலவு, கூடவே ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மாணவிக்கும் தனி அறை.

தனி அறை என்பது இன்று சாதாரணமாகத் தெரியலாம். அன்றைய நர்ஸ்களில் பலர் வார்டை ஒட்டிய மூலையில், நோயாளிகளின் முனகல் கேட்கும் தூரத்தில் தூங்கினார்கள். டியூட்டி முடிந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு அழவோ, தூங்கவோ, ஜெபிக்கவோ ஓர் இடம் வேண்டும் என்பதை நைட்டிங்கேல் புரிந்துவைத்திருந்தார்.

ஆக்னஸ் ஜோன்ஸ்: ஒரு மரணம் எழுப்பிய கேள்வி

பள்ளியின் ஆரம்பக்கால மாணவிகளில் முக்கியமானவர் அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோன்ஸ். 1865-ல் 12 நர்ஸ்களோடு லிவர்பூலுக்குப் போனார். அங்கே ஏழைகளுக்கான அரசு விடுதியின் மருத்துவமனையில் 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகள். அதுவரை அவர்களைப் பார்த்துக்கொண்டது அதே விடுதியில் இருந்த, பயிற்சி இல்லாத பெண்கள்.

மூன்றே ஆண்டுகளில் அந்த இடத்தின் முகத்தையே மாற்றினார் ஆக்னஸ். விடியும் முன்பே எழுந்து, எல்லோரும் அடங்கிய பிறகு படுத்தார். 1868 பிப்ரவரியில் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 35.

நைட்டிங்கேல் அவரைப் போற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இன்னும் பெண்கள் இந்தப் பணிக்கு வர வேண்டும் என்று அழைத்தார். ஆனா நடைமுறையில் நடந்தது வேறு. ஆக்னஸின் இடத்தை நிரப்பப் பொருத்தமான ஆள் கிடைக்காமல் திண்டாட வேண்டியிருந்தது.

ஒரு பெண் தன்னையே எரித்து வெளிச்சம் தந்தார். அவர் அணைந்ததும் இருட்டு. தியாகத்தைப் பாராட்டுவது சுலபம். அடுத்தவர் அப்படிச் சாகாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். அதைத் தன் சொந்தப் பள்ளியே செய்யவில்லை என்பது நைட்டிங்கேலுக்குத் தெரியவர இன்னும் நான்கு ஆண்டுகள் ஆனது.

1872: சொந்தப் பள்ளியிலேயே கோளாறு

1871-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனை, தேம்ஸ் நதிக்கரையில் நாடாளுமன்றத்துக்கு எதிரே பிரம்மாண்டமான புதுக் கட்டடத்துக்கு மாறியது. சுமார் 600 படுக்கைகள். அந்தச் சமயத்தில்தான் நைட்டிங்கேல் பள்ளியின் உள்விவகாரங்களை நெருங்கிப் பார்த்தார். மாணவிகள் எழுதிய நாட்குறிப்புகளை வரவழைத்துப் படித்தார். அவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்துப் பேசினார்.

கிடைத்த தகவல்கள் மோசம். பாடம் நடத்த வேண்டிய மருத்துவர் ஒழுங்காக வகுப்பே எடுக்கவில்லை, குடிப்பழக்கமும் இருந்தது. மாணவிகளை மலிவான வேலையாட்களாக மருத்துவமனை பயன்படுத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இரவு வரை வார்டு வேலை. படிக்க நேரம் இல்லை, சந்தேகம் கேட்க ஆளும் இல்லை. வார்ட்ரோப்பருக்கோ பெரிய மருத்துவமனையை நிர்வகிக்கவே நேரம் போதவில்லை.

மாணவிகள் சோர்ந்துபோனதற்குக் காரணம் அவர்களுடைய மனபலம் குறைவு என்று சொல்லி நைட்டிங்கேல் கைகழுவியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பள்ளியை மாற்றினார்.

என்னென்ன மாற்றினார்?

1. ஹோம் சிஸ்டர்: மாணவிகள் தங்கும் இல்லத்துக்கென்றே ஒரு மூத்த செவிலியரை நியமித்தார். வார்டு நிர்வாகம் அவருடைய வேலையில் சேராது. மாணவிகளுக்குப் பாடத்தை மறுபடி விளக்குவது, நோட்டுகளைப் பார்ப்பது, யார் சாப்பிடவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று கவனிப்பது, சேர்ந்து வாசிக்கவும் பாடவும் வைப்பது. முதலில் எலிசபெத் டோரன்ஸ், பிறகு 1875 முதல் மேரி கிராஸ்லேண்ட் இந்தப் பொறுப்பை வகித்தார்கள்.

2. ஒழுங்கான பாடம்: 1873-ல் ஜான் கிராஃப்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் புதிய ஆசிரியராக வந்தார். பாடக் குறிப்புகளும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் தயாராயின. என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும் இல்லையா?

3. எழுதும் பழக்கம்: வார்டில் அன்று என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று மாணவிகள் எழுதினார்கள். கவனிக்கும் திறனுக்கான பயிற்சி அது. கூடவே, மனசில் கிடப்பதைக் காகிதத்தில் இறக்கி வைக்கவும் உதவியிருக்கும். இன்றைய நர்சிங் படிப்பிலும் அனுபவக் குறிப்பு எழுதுவது ஒரு பயிற்சியாகவே இருக்கிறது.

4. நேரில் பேச்சு, ஆண்டுக் கடிதம்: லண்டன் சவுத் ஸ்ட்ரீட் வீட்டுக்கு மாணவிகளைத் தேநீருக்கு அழைத்து, பேசியதைக் குறித்துவைத்தார். உடம்பு முடியாத நர்ஸ்களுக்குச் சாப்பாட்டுப் பொருட்கள் அனுப்பினார், ஓய்வுக்கு வெளியூர் போக ஏற்பாடு செய்தார். 1872 முதல் 1900 வரை, இடையிடையே சில ஆண்டுகள் தவிர, மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்கும் நீண்ட கடிதம் எழுதினார். நர்சிங்கில் முன்னேறாமல் நின்றுவிட்டால் பின்னால் போவதாகவே அர்த்தம் என்பது அவற்றில் அடிக்கடி வரும் கருத்து.

5. நான் இல்லாதபோதும் நடக்கணும்: இது 1860 வாக்கில் வெளிவந்த அவருடைய நர்சிங் குறிப்புகள் நூலிலேயே இருக்கிறது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக எழுதிய நூல். தான் இருக்கும்போது செய்வதெல்லாம் தான் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் பொறுப்பு என்று அதில் ஒரு அத்தியாயம் முழுக்க விளக்குகிறார்.

இந்த ஐந்தாவது விஷயம் முக்கியம். நான் போனா வார்டு நின்னுடும் என்று நினைக்கும் நர்ஸ் ஓய்வெடுக்க மாட்டார். அடுத்த ஷிஃப்டுக்குச் சரியாக ஒப்படைத்துவிட்டுப் போகத் தெரிந்தவர் நிம்மதியாகத் தூங்குவார். ஆக்னஸ் ஜோன்ஸின் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

அவர் எங்கே சறுக்கினார்?

நைட்டிங்கேல் குறையே இல்லாதவர் கிடையாது. மாணவிகள் பார்த்த வேலை நேரம் இன்றைய கணக்கில் கொடுமை. கீழ்ப்படிதலுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுத்தார். வசதியான வீட்டுப் பெண்கள் கட்டணம் செலுத்தித் தனிப் பிரிவாகச் சேர்ந்தார்கள். தலைமைப் பொறுப்புகள் பெரும்பாலும் அவர்களுக்கே போயின. சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் வார்டு நர்ஸ்களாகவே நின்றார்கள்.

தன்னைப் போலவே மற்றவர்களும் உழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. அவரோடு சேர்ந்து சீர்திருத்தங்களுக்காக உழைத்த சிட்னி ஹெர்பர்ட் தீராத சிறுநீரக நோயில் இருந்தார். அவர் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறார் என்பதை ஏற்றுக்கொள்ள நைட்டிங்கேலுக்கு வெகுநாள் ஆனது. தொடர்ந்து வேலை வாங்கினார். 1861 ஆகஸ்டில், 50 வயதில் ஹெர்பர்ட் இறந்தார். அந்த இழப்பிலிருந்து மீள நைட்டிங்கேல் ரொம்பவே சிரமப்பட்டார்.

இன்னொரு சர்ச்சை, நர்ஸ்களைத் தேர்வு வைத்து அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற கோரிக்கை. 1887-ல் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் தலைமையில் இதற்காகச் சங்கமே உருவானது. நைட்டிங்கேல் கடுமையாக எதிர்த்தார். ஒரு நர்ஸின் குணத்தைத் தேர்வுத்தாளால் அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். வரலாறு அவர் பக்கம் நிற்கவில்லை. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1919-ல் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது. அது நர்ஸ் வேலைக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது.

ஆனா அவருடைய சந்தேகம் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. இன்று மீண்டெழும் திறனை அளக்கக் கேள்வித்தாள்களே இருக்கின்றன. 2003-ல் வெளியான கானர் டேவிட்சன் அளவுகோலில் 25 கேள்விகள் உண்டு. ஒரு மாணவி எடுக்கும் மதிப்பெண், அவருடைய மனநிலையைப் பற்றிச் சொல்லும். அவர் வேலை பார்க்கும் வார்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்கிறார் என்பதைச் சொல்லாது.

இந்தியாவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனா பல ஆண்டுகள் இந்தியாவைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரம் பற்றிய அரசு ஆணைய அறிக்கை 1863-ல் வெளியானது. ஆயிரம் வீரர்களுக்கு ஆண்டுதோறும் 69 பேர் இறப்பதாக அது சொன்னது. அதற்கான தகவல்களைத் திரட்டி அலசியதில் அவருடைய பங்கு பெரிது. பிறகு கிராமச் சுகாதாரம், பாசனம், பஞ்சம் என்று அவருடைய கவனம் விரிந்தது.

அவருடைய பள்ளி தொடங்கிவைத்த பயிற்சி முறையும் பல நாடுகளுக்குப் பரவியது. 1868-ல் லூசி ஆஸ்பர்ன் ஐந்து நர்ஸ்களோடு ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போனார். 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில், இங்கிலாந்திலிருந்து வந்த நர்ஸ்களின் பொறுப்பில் செவிலியர் பயிற்சி தொடங்கியது.

கடைசி நாட்கள்

1907-ல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அப்போது பார்வை போய்விட்டது, நினைவும் மங்கியிருந்தது. 1910 ஆகஸ்ட் 13-ம் தேதி, 90 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்று அரசுத் தரப்பில் சொன்னபோது குடும்பத்தினர் மறுத்துவிட்டார்கள். ஆடம்பரம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஹாம்ப்ஷைரின் ஈஸ்ட் வெல்லோ கிராமத்துத் தேவாலயத்தில், குடும்பக் கல்லறையில் அடக்கம் நடந்தது. அவருக்காகப் பொறிக்கப்பட்டது பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும்தான்.

இன்றைக்கு இதில் என்ன பாடம்?

நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 2020-ம் ஆண்டை செவிலியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டில்தான் கொரோனா வந்தது. அந்த ஆண்டு வெளியான உலகச் செவிலியர் நிலை அறிக்கையின்படி, உலகில் சுமார் 2.8 கோடி செவிலியர்கள் இருந்தார்கள். பற்றாக்குறை 59 லட்சம்.

ஆள் குறைந்தால், இருப்பவர் மேல் சுமை ஏறும். அந்தச் சுமையை முதல் முறை தோளில் வாங்குவது பயிற்சி மாணவி. முதல் மரணத்தைப் பார்ப்பது, உறவினரின் கோபத்தை எதிர்கொள்வது, தொடர்ந்து வரும் நைட் டியூட்டி, ஹாஸ்டலில் தூக்கம் வராமல் புரளுவது. இதெல்லாம் எந்த நாட்டு நர்சிங் மாணவிக்கும் பழக்கமானதுதான்.

சரி, அவருக்கு மன உறுதியைச் சொல்லித்தர முடியுமா? முடியும் என்பதுதான் நைட்டிங்கேல் வாழ்க்கையிலிருந்து கிடைக்கும் பதில். கவனித்து எழுதுவதைச் சொல்லித்தரலாம். வேலையைப் பகிர்ந்து ஒப்படைப்பதைச் சொல்லித்தரலாம். இருக்கிற சக்தியை அளந்து செலவிடச் சொல்லித்தரலாம். உதவி கேட்பது பலவீனம் இல்லை என்பதையும் சொல்லித்தரலாம்.

ஆனா இதில் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் பாதிப் பொறுப்பு இருக்கிறது. தூங்க ஓர் இடம், வயிறு நிறையச் சாப்பாடு, படிக்க நேரம், மனசு விட்டுப் பேச ஒரு மூத்தவர். இவை இல்லாமல் தாங்கிக்கோம்மா என்று மட்டும் சொன்னால், அது பயிற்சி ஆகாது. சுமையை மாணவியின் தலையில் தள்ளிவிடுவதுதான்.

உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ நர்சிங் சேரப் போகிறார் என்றால், கட்டணம், வேலைவாய்ப்பு இரண்டையும் விசாரிப்பீர்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். வார்டில் ஒரு நோயாளி இறந்த அன்று ராத்திரி, ஹாஸ்டலுக்குத் திரும்பும் மாணவியோடு உட்கார்ந்து பேச அங்கே யார் இருக்கிறார்கள்?